பள்ளிச் செலவும் உபாத்தியாயர் சங்கங்களும்

ஆண்டுதோறும் சட்டசபையில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும்போது, பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்ட தொகையைக் கேட்டு உறுப்பினர்கள் மேஜையைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. தட்டுவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2012-13ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை ரூ. 14,552 கோடி. 2025-26ஆம் ஆண்டில் அது ரூ. 46,767 கோடியாயிற்று. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது சிறிய வளர்ச்சியன்று.

தொகை வளர வளர இரண்டு குரல்கள் எழுகின்றன. 'இவ்வளவும் சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே போகிறது. உபாத்தியாயர் சங்கங்கள் பொக்கிஷத்தைக் காலி செய்கின்றன' என்பது ஒன்று. 'உபாத்தியாயருக்குக் கொடுப்பதெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்ததே; இதில் கணக்குக் கேட்பது துரோகம்' என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள நமக்கு இயலவில்லை.

முதற் குரலை முதலில் ஆராய்வோம். பள்ளிக்கூடம் என்பது ஆலையன்று. அங்கே யந்திரம் இல்லை. கச்சாப் பொருள் இல்லை. ஒரு மனிதர் நின்று பேசுகிறார்; முப்பது குழந்தைகள் கேட்கிறார்கள். ஆகவே பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளமாக இருப்பது இயற்கை. அதனை வீண் செலவு என்பவர், நீதிபதியின் சம்பளத்தை நியாயத்துக்கு ஆகும் வீண் செலவு என்றும் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

அன்றியும், சங்கங்கள் இல்லாத காலத்தில் உபாத்தியாயர் நிலை எப்படியிருந்தது என்பதை நம்மவர் விரைவில் மறந்துவிட்டனர். உதவி பெறும் பள்ளிகளில் ஒரு தொகைக்குக் கையொப்பம் இட்டு வேறொரு தொகையைக் கையில் வாங்கிய உபாத்தியாயர்கள் உண்டு. மானேஜரின் முகம் சுளித்தால் வேலை போய்விடும். முதுமையில் பிள்ளைகளின் தயவே கதி. இந்நிலையிலிருந்து அவர்களை மீட்டது யாருடைய தருமசிந்தையும் அன்று. அவர்கள் ஒன்றுகூடிக் கேட்டதே காரணம். 1955இல் சென்னை ராஜ்யம், இந்தியாவிலேயே முதன்முதலாக, பென்ஷன், சேமநிதி, இன்ஷூரன்ஸ் மூன்றும் சேர்ந்த திட்டத்தை உதவி பெறும் பள்ளி உபாத்தியாயருக்கு அளித்தது. 1981 ஜூன் 1 முதல் பஞ்சாயத்து யூனியன் பள்ளி உபாத்தியாயர்கள் சர்க்கார் ஊழியராயினர். இவை சங்கங்களுக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் லாபம். பசித்த வயிற்றோடு நிற்பவர் பிறருக்கு அறிவூட்ட முடியாது.

சங்கங்களை அடக்கிவிட்டால் செலவு குறையும் என்று நினைத்த ஆட்சியையும் நாம் கண்டோம். 2003 ஜூலையில் உபாத்தியாயரும் பிற ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறக்குறைய 1,70,000 பேரை விசாரணையின்றி வேலைநீக்கம் செய்தது அன்றைய சர்க்கார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென்று தீர்ப்புக் கூறியது. வேலை இழந்தவரில் பெரும்பாலோர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் திரும்பினர். சுதந்திரப் போரில் வேலைநிறுத்தத்தைத் தேசபக்தியின் சின்னமாகக் கொண்டாடிய நாட்டில், அதையே குற்றமாக்கிப் பள்ளி வாத்தியாரிடம் மன்னிப்பு வாங்கியதை நாம் அன்றும் இன்றும் அவமானமென்றே கருதுகிறோம்.

ஆனால் உண்மையான தீங்கு வேலைநீக்கத்தில் இல்லை. சந்தடியின்றி நடந்த வேறொன்றில் இருக்கிறது. உள்ளே இருப்பவர் சம்பளத்தில் கைவைத்தால் கூச்சல் எழும்; இனி வரப்போகிறவர் சம்பளத்தை வெட்டினால் கேட்பார் இல்லை. இந்தச் சூட்சுமத்தை சர்க்கார் அறிந்துகொண்டது. 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன் இல்லையென்றாயிற்று. பின்னர் ஆறாவது சம்பளக் கமிஷனை ஒட்டிய திருத்தம் வந்தது. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை உபாத்தியாயருக்குப் பழைய அடிப்படைச் சம்பளம் 4,500ஐ 1.86ஆல் பெருக்கி ரூ. 8,370 தந்தார்கள், மறுநாள் சேர்ந்தவருக்கு ரூ. 5,200 என்றார்கள். படிப்பு ஒன்று, வகுப்பு ஒன்று, வேலை ஒன்று. சம்பளம் மட்டும் இரண்டு. 2017இல் வந்த சம்பளத் திருத்தமும் இவ்வேற்றுமையை அகற்றவில்லை. 2012இல் ஓவியம், தையல், தேகப்பயிற்சி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர உபாத்தியாயர்கள் மாதம் ரூ. 5,000க்கு நியமிக்கப்பட்டனர். பிற்பாடு அத்தொகை சிறுகச் சிறுக உயர்ந்ததேயொழிய, அவர்கள் நிலை வாயிலுக்கு வெளியே நிற்பவர் நிலையாகவே நெடுநாள் இருந்தது.

இங்கேதான் சங்கங்களை நோக்கி நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். ஒரே கூரையின் கீழ் இத்தனை சாதிகள் உண்டாவதைப் பெரிய சங்கங்கள் ஏன் தடுக்கவில்லை? கோரிக்கைப் பட்டியலில் இளையவரின் குறை எழுதப்பட்டதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் எழுதுவது வேறு, அதற்காக நிற்பது வேறு. 2009க்குப் பின் சேர்ந்தவர்கள் 2018 டிசம்பரில் சென்னையில் தனியே உண்ணாவிரதம் இருக்க நேர்ந்ததே, மூத்தவர் வலிமை இளையவருக்குப் போதிய துணையாகவில்லை என்பதற்குச் சாட்சி. சங்கத்தினால் செலவு பெருகிற்று என்பது எமது குற்றச்சாட்டன்று. செலவைக் குறைக்கும் பாரம் கடைசியில் வந்த ஏழையின் தலையில் இறங்கியபோது சங்கம் போதிய அளவு போராடவில்லை என்பதே எமது வருத்தம்.

இரண்டாவது கேள்வி இதனினும் பெரியது. 2022ஆம் ஆண்டு 'அஸர்' ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐவர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்கவில்லை என்று தெரிந்தது. கொரோனா நோயினால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் விளைவு அதில் பெரிதும் உண்டு. ஆனால் 2018ஆம் ஆண்டுக் கணக்கிலேயே அத்தொகை நூற்றுக்குப் பத்து அளவில்தான் இருந்தது. ஆகவே நோயின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தூங்கிவிட முடியாது. சம்பளத்துக்காகவும் பென்ஷனுக்காகவும் பள்ளிகளைப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு வந்த சங்கங்கள், பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதற்காக ஒரு நாளாவது மாநாடு கூட்டினவா? எழுத்தறியாத பிள்ளைக்குச் சங்கம் இல்லை. அவன் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அவனுடைய தகப்பன் கூலிக்காரன். மனு எழுதக்கூடத் தெரியாதவன்.

உபாத்தியாயர் சொல்லும் பதிலையும் நாம் அறிவோம். தேர்தல் வந்தால் சாவடி, ஜனத்தொகை எடுத்தால் வீடுவீடாக நடை, அன்றாடம் 'எமிஸ்' பதிவு என்று பாடம் நடத்தும் நேரத்தை சர்க்காரே தின்றுவிடுகிறது என்கிறார்கள். இது முற்றிலும் உண்மை. இரண்டே உபாத்தியாயர் ஐந்து வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் கிராமப் பள்ளிகளும் உண்டு. டில்லி சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய ரூ. 2,152 கோடியை, தன் கல்விக் கொள்கைக்கு இணங்கவில்லை என்பதற்காக நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டைக்குப் பிள்ளைகளின் பணத்தைப் பணயம் வைப்பது எந்த நீதியிலும் சேராது.

ஆனால் இவற்றையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டியவர் யார்? ஒவ்வொரு ஊரிலும் ஆள் வைத்திருக்கும் ஸ்தாபனம் உபாத்தியாயர் சங்கத்தைப்போல் வேறில்லை. எந்தப் பள்ளியில் இடம் காலி, எங்கே கூரை ஒழுகுகிறது, எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்ற கணக்கை ஆண்டுதோறும் சங்கமே வெளியிடட்டும். வகுப்புக்கு வராமல் சம்பளம் வாங்கும் சிலரைக் காப்பாற்ற அது தன் பலத்தைச் செலவிடாதிருக்கட்டும். அச்சிலரால் உழைக்கும் பலருடைய மானம் போகிறது.

2019 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்தை இங்கே நினைப்பூட்ட விரும்புகிறோம். சிறு பள்ளிகளை மூடி இணைக்கலாகாது என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. அது பிள்ளைகளின் கட்சி. நாடே பின்னால் நின்றிருக்க வேண்டிய கட்சி. ஆயினும் பென்ஷன் முழக்கத்தில் அது அமிழ்ந்து போயிற்று. மாதம் ரூ. 10,000க்குத் தற்காலிக ஆட்களை எடுப்போம் என்று சர்க்கார் அறிவித்தபோது, ஜனங்களில் பலர் வேடிக்கை பார்த்தார்களேயன்றிக் கொதித்தெழவில்லை. ஒன்பது நாளில் போராட்டம் முடிந்தது. ஜனங்களின் அன்பில்லாத சங்கம் எண்ணிக்கையில் எவ்வளவு பெரிதாயினும் பலவீனமானதே.

சர்க்காருக்கு நாம் கூறுவது இது: ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற நியாயத்தை மீறி இனி ஒருவரையும் நியமிக்கலாகாது, சிக்கனம் வேண்டுமானால் அதை அரைச் சம்பள வாத்தியாரிடம் தேடலாகாது. சங்கங்களுக்கு நாம் கூறுவது: அடுத்த மாநாட்டின் முதல் தீர்மானம் பிள்ளையின் படிப்பைப் பற்றியதாக இருக்கட்டும், சம்பளம் இரண்டாவதாக வரட்டும். அப்போது அந்த இரண்டாவது தீர்மானத்துக்கும் பள்ளி வாசலில் நிற்கும் கூலிக்காரத் தகப்பனே முதலில் கை தூக்குவான்.