மடுவும் அருவியும்

முகப்பேர்வாசிகளுக்கு மலை என்பது கிடையாது. கிழக்கே பாடி, வடக்கே அம்பத்தூர், தெற்கே கூவம். எத்திசை நோக்கினும் மாடி வீடுகளே. ஆகையால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் நாலு மணிக்கு ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் தெருவையே எழுப்பிவிட்டுச் செங்குன்றம் சாலையை நோக்கிப் பறந்தால், "தடா அருவிக்குப் போகிறார்கள்" என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தடா என்ற பெயரைக் கேட்டால் யாரோ தடுப்பது போல் இருக்கிறது. ஆனால் நமது வாலிபர்களைத் தடுக்கக்கூடியது இவ்வுலகில் என்ன இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் கடந்து தடா, அங்கிருந்து மேற்கே திரும்பி வரதையபாளையம், அப்பால் காடு. முகப்பேரிலிருந்து ஏறக்குறைய 50 மைல். இந்தச் சத்தியவேடுப் பிரதேசம் ஒரு காலத்தில் முகப்பேரைப் போலவே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1960-ல் சென்னை, ஆந்திர ராஜ்யங்கள் எல்லையைத் திருத்திக்கொண்டபோது அது அந்தப் பக்கம் போயிற்று. 2022 முதல் திருப்பதி ஜில்லாவில் இருக்கிறது. மலைக்கும் நீருக்கும் இந்தச் சங்கதிகள் ஒன்றும் தெரியாது.

அருவிக்கு உண்மையான பெயர் தடா அன்று, உப்பலமடுகு. மடுகு என்ற தெலுங்குச் சொல்லும் நமது மடு என்ற சொல்லும் ஒன்றே. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் விழுகிற நீரைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை; தேங்குகிற நீரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வனத்துறையின் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்றால் சிவபெருமான் கோயில் ஒன்று இருக்கிறது. சித்துலய்ய கோனை என்று இவ்விடத்தைச் சொல்லுகிறார்கள். மகா சிவராத்திரியன்று ஜனங்கள் திரளாக வருவார்கள். கோயிலைத் தாண்டியதும் பாதை என்று சொல்லத்தக்கது மெல்ல மெல்ல மறைந்து, ஓடையும் உருண்டைக் கற்களுமே பாதையாகிவிடுகின்றன. சென்ற மார்கழியில் நாம் நண்பர்கள் நால்வருடன் அங்கே சென்றபோது, ஐப்பசி கார்த்திகை மழையின் மிச்சம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யானைக்குட்டிகள் படுத்திருப்பது போன்ற பாறைகள். ஒன்றின் மேல் கையை ஊன்றி ஏறி, மற்றொன்றின் மேல் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, வயதை மறந்து நடந்தோம். ஒரு சிறு அருவி. அதன் அடியில் ஒரு மடு. மடுவைச் சுற்றி ஏறினால் மற்றொரு சிறு அருவி, மற்றொரு மடு. இப்படிப் படிப்படியாக ஏறிச் சென்றால் கடைசியில் செங்குத்தான பாறை முகட்டிலிருந்து வெள்ளிச் சரிகை போல நீர் இறங்குவதைக் காணலாம். அந்த இடத்தில் பேசத் தோன்றுவதில்லை. எங்களில் ஓயாது பேசுகிற வக்கீல் நண்பர்கூடக் கால் மணி நேரம் மௌனமாயிருந்தார் என்றால் வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அந்த அருவி யாரையும் கொல்வதில்லை. அதன் பாறையில் ஏற முயல்கிறவர்கள் சொற்பம். கொல்வன கீழே உள்ள அழகிய மடுக்களே. ஆண்டுக்காண்டு இந்த மடுக்களில் சென்னை இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்தியைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், நீந்தத் தெரியாதவர்கள்.

மடுவின் அமைப்பு அப்படிப்பட்டது. மேலிருந்து விழும் நீரும் அது உருட்டும் கற்களும் பாறையை உரற்குழி போலக் குடைந்துவிடுகின்றன. குளத்துக்குப் படி உண்டு, ஏரிக்குச் சரிவான கரை உண்டு. உரற்குழிக்கு ஏது கரை? இடுப்பளவு நீரில் நிற்பவன் ஓரடி எடுத்து வைத்தால் ஆள் ஆழம். பாறையில் படிந்த பாசியோ எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும். பிடித்து ஏற இடம் இராது. நடந்து களைத்த உடம்பு குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் மூச்சுத் திணறும். மலையுச்சியில் மழை பெய்தால் கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். காளியன் மடுவில் விஷப்பாம்பு இருந்தது. இங்கே அது இல்லாமலே காரியம் நடந்துவிடுகிறது.

முகப்பேர்ப் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியவில்லையே என்று அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. வயலும் ஏற்றக் கிணறும் இருந்த காலத்தில், பாட்டனார் பேரனின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளினார். மூன்று நாளில் பையன் மீனானான். கிணறுகள் வீட்டு மனைகளாயின. அம்பத்தூர் ஏரியிலும் கொரட்டூர் ஏரியிலும் சாக்கடை கலந்தது. இப்போது தண்ணீர் என்பது குழாயில் வருவது அல்லது கேனில் வருவது. அதன் ஆழத்தைப் பையன் முதல்முதலாக அறிவது உப்பலமடுகில்!

இது நம் ஊர்த் துயரம் மட்டுமன்று. 2021-ல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. 5 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கான காரணங்களில் இதற்கு மூன்றாவது ஸ்தானம். அதே 2021-ல் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ந் தேதியை இதற்கென ஒதுக்கியது. அந்தத் தினத்தை நமது பள்ளிக்கூடங்களில் எத்தனை கொண்டாடுகின்றன?

மற்றொரு விஷயம். மூழ்குகிறவன் சினிமாவில் போல் "காப்பாற்றுங்கள்!" என்று கூவுவதில்லை; வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அரைக் கணத்தில் மூச்சு விடவே நேரம் போதாது. சத்தமின்றிப் போய்விடுகிறான். அதைக் கண்ட சினேகிதன், தனக்கும் நீந்தத் தெரியாதென்பதை மறந்து குதிக்கிறான். இவனை அவன் கட்டிப் பிடித்துக்கொள்ள, ஒரு வீட்டின் துக்கம் இரண்டு வீட்டின் துக்கமாகிறது. குதிக்காமல் கரையில் படுத்துக் கம்பையோ வேட்டியையோ நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை வீச வேண்டும்.

மிதக்கும் பொருளுக்கு எங்கே போவது? முகப்பேரில் குடிநீர்க் கேன் இல்லாத வீடு அபூர்வம். இருபது லிட்டர் காலிக் கேன் ஒன்றின் வாயை இறுக மூடிக் கழுத்தில் நீண்ட கயிற்றைக் கட்டினால், பாட்டனாரின் சுரைக்குடுக்கைதான். ஓர் ஆளின் தலையை நீருக்கு மேல் நிறுத்தி வைக்கும். ஏழெட்டு மோட்டார் சைக்கிள்களில் ஒன்றின் பின்னால் அதைக் கட்ட இடமிருக்கும்.