உற்பத்தி நின்ற பின்னர் உற்பத்தியாளரின் கடமை

மாடல் எஸ், மாடல் எக்ஸ் என்னும் தன் இரு முதன்மை மின்சார மோட்டார் வண்டிகளின் உற்பத்தியை அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் முடித்துக்கொள்ளப் போவதாக அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2026 ஜனவரியில் அறிவித்தது. கலிபோர்னியா மாகாணத்துப் பிரீமாண்ட் தொழிற்சாலையில் அவ்வண்டிகள் உருவாகி வந்த இடம் மனித உருவ இயந்திரங்களைச் செய்வதற்கு ஒதுக்கப்படும் என்றும், ஆண்டுக்குப் பத்து லட்சம் இயந்திரங்கள் என்பது நாளடைவில் எய்த வேண்டிய இலக்கு என்றும் நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க் கூறினார். படைவீரரைக் கௌரவமாகப் பணியிலிருந்து விடுவிப்பதைப் போன்றது இம்முடிவு என்ற கருத்துப்படவும் அவர் பேசினார். கௌரவமாக விடைபெறும் படைவீரருக்குப் பென்ஷன் என்ற ஒன்று உண்டு. 2012 முதல் விற்பனையான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இவ்வண்டிகளுக்கு அத்தகைய ஏற்பாடு யாது என்பதே பங்கு விலையைக் காட்டிலும் கருத்தூன்றி ஆராயத்தக்க கேள்வியாகும்.

உற்பத்தியை முடித்துக்கொள்ளும் முடிவைக் குறை கூறுவதற்கில்லை. 2017ஆம் ஆண்டில் இவ்விரு மாதிரிகளும் சேர்ந்து ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமாக விற்பனையாயின. 2025இல் நிறுவனம் விற்ற 16,36,129 வண்டிகளுள், விலை குறைந்த மாடல் 3, மாடல் ஒய் ஆகியவை நீங்கலாக எஞ்சியவை 50,850 மட்டுமே. அவற்றுள்ளும் சைபர்டிரக் என்னும் வேறொரு வண்டி அடங்கியிருந்தது. எஸ், எக்ஸ் ஆகியவற்றைத் தொடர்ந்து உருவாக்குவது பெரும்பாலும் பாசத்தின் பொருட்டே என்று மஸ்க் 2019லேயே சொல்லியிருந்தார். பாசத்தை முதலாகப் போட்டு எந்தத் தொழிற்சாலையையும் நெடுங்காலம் நடத்த இயலாது.

ஆயினும் மாடல் எஸ் விஞ்ஞான முறையில் சாதித்தது சிறிதன்று. 2012 ஜூனில் முதல் வண்டிகள் வாங்கியோர் கையில் ஒப்படைக்கப்பட்டபோது, மின்சார வண்டி என்றால் ஊருக்குள் மெல்ல ஓடும் சிறு வண்டி என்பதே பொதுமக்களின் எண்ணமாக இருந்தது. கைக் கம்ப்யூட்டர்களில் பயன்படுவன போன்ற சிறு மின்கலங்கள் ஏழாயிரத்துக்கு மேல் சேர்த்து, தட்டையான ஒரே தொகுதியாக வண்டியின் அடித்தளத்தில் பரப்பினர். 85 யூனிட் மின்சாரத்தைத் தேக்கிய அத்தொகுதியைக் கொண்டு, அமெரிக்க சர்க்காரின் சோதனை முறைப்படி, வண்டி 426 கிலோமீட்டர் ஓடிற்று. 2020இல் வெளிவந்த மாடல் எஸ் வண்டியோ 647 கிலோமீட்டர் ஓடும் என்று அதே சோதனை முறையில் சான்று பெற்றது. இடைப்பட்ட காலத்தில் மின்கலத் தொகுதியின் கொள்ளளவு ஏறக்குறைய 100 யூனிட்டாக உயர்ந்திருந்தது. அஃதாவது, தேக்கம் ஆறில் ஒரு பங்கு மிகுந்திருக்க, தூரமோ பாதியளவு மிகுந்தது. 2019இல் முன்புறத்தில் பொருத்தப்பட்ட நிரந்தரக் காந்த மோட்டாரும், டயர், எடை, மின்னணுக் கட்டுப்பாடு ஆகியவற்றில் படிப்படியாகச் செய்த திருத்தங்களும் இதற்குக் காரணமாயின.

இத்திருத்தங்கள் செய்யப்பட்ட முறை தனித்து நோக்கத்தக்கது. ஆண்டுதோறும் புது மாதிரி வெளியிடுவது அமெரிக்க மோட்டார்த் தொழிலின் பழைய வழக்கம். டெஸ்லா அவ்வழக்கத்தைக் கைவிட்டது. ஒரு திருத்தம் எப்போது தயாராகிறதோ அப்போதே அது வண்டியில் புகுத்தப்பட்டது. எனவே, ஒரே பெயர் தாங்கிய இரு வண்டிகள், சில மாத இடைவெளியில் வாங்கப்பட்டவையாயினும், உள்ளுறுப்புக்களில் வேறுபடலாம். 2021ஆம் ஆண்டின் முதற் காலாண்டில், உட்புறம் முழுவதையும் புதுப்பிக்கும் பொருட்டு, எஸ், எக்ஸ் வண்டிகளில் ஒன்றுகூட உற்பத்தியாகவில்லை. அதே ஆண்டு ஜூனில் மூன்று மோட்டார்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைச் சக்தியும் கொண்ட வண்டி வெளிவந்தது. இவையன்றி, மென்பொருள் என்று இன்று வழங்கும் கட்டளைத் தொகுதியைக் கம்பியில்லா முறையில் அனுப்பி, விற்றுப் பல ஆண்டுகளான வண்டிகளையும் நிறுவனம் திருத்திக்கொண்டே வந்தது. வாங்கிய நாளில் இல்லாத வசதியொன்று ஒரு காலைப் பொழுதில் வண்டியில் தோன்றுவது மோட்டார் வரலாற்றில் புதுமையே. இம்முறையைப் போற்றுவோர் பலர். போற்றுவதற்குக் காரணமும் உண்டு.

ஆனால் இப்புதுமைக்கு மறுபக்கமும் இருக்கிறது. பழைய மாடல் எஸ் வண்டிகளின் நடுத்திரையை இயக்கும் கம்ப்யூட்டரில் 8 கிகாபைட் கொள்ளளவுள்ள நினைவுச் சில்லு ஒன்று இருந்தது. இவ்வகைச் சில்லில் எழுதுவதையும் அழிப்பதையும் எல்லையின்றிச் செய்துகொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய 3,000 முறை எழுதி அழிக்கப்பட்டதும் தேய்ந்துவிடும். வண்டியின் கம்ப்யூட்டரோ நாள்தோறும் தன் செயல்களைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பை அதில் எழுதியவண்ணம் இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் சில்லு ஓய்ந்தது, திரை இருண்டது. பின்னால் வருவதைக் காட்டும் காமிராவின் படம் மறைந்தது. முன்கண்ணாடியின் பனியை நீக்கும் ஏற்பாட்டை இயக்குவதும் கடினமாயிற்று. மோட்டாருக்கோ, மின்கலத் தொகுதிக்கோ, சக்கரத்துக்கோ யாதொரு பழுதும் இல்லை. நகக்கண்ணளவுள்ள ஒரு பொருள் தேய்ந்ததே குற்றம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 ஜனவரியில் தலையிட்ட பின்னர், அடுத்த மாதமே சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்க நிறுவனம் உடன்பட்டது. அரசாங்கத்தின் கண்காணிப்பு இல்லாதிருந்தால் இவ்வண்டிகளின் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தொலைவிலிருந்தே திருத்தும் வல்லமை, கொடுப்பதற்கு மட்டுமன்றி எடுப்பதற்கும் உதவும். சில வண்டிகள் தீப்பற்றிய பின்னர், 2019இல் முன்னெச்சரிக்கையாக அனுப்பப்பட்ட கட்டளைத் தொகுதி, பழைய மாடல் எஸ் வண்டிகள் சிலவற்றின் மின்கலத் தொகுதி முழு அளவில் மின்னேற்றம் பெறாதவாறு தடுத்தது. விளைவாக வண்டி ஓடும் தூரம் குறைந்தது. உடைமையாளர்கள் நீதிமன்றத்தை அணுகினர். 2021இல் ஏற்பட்ட சமரசத்தின்படி 1,743 வண்டிகளுக்குத் தலா 625 டாலர் கிடைத்தது. பாதுகாப்பின் பொருட்டு மின்னேற்றத்தைக் குறைத்தது நியாயமாகவே இருக்கலாம். எனினும், விலை கொடுத்து வாங்கிய பொருளின் திறனை உடையவர் அறியாமலே வேறொருவர் குறைக்கக்கூடும் என்பது வாங்கல் விற்றலைப் பற்றிய பழைய எண்ணத்துக்கு முற்றிலும் புறம்பானது. அத்தகைய வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டால், உற்பத்தியாளரின் அக்கறை குறையும், அதிகாரமோ குறையாது.

மின்கலத்தைப் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளில் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மின்கலங்களே பயன்பட்டு வந்தன. 2017இல் வந்த மாடல் 3 வண்டிக்கு 21 மில்லிமீட்டர் குறுக்களவும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட வேறு மின்கலம் அமைக்கப்பட்டது. சைபர்டிரக்கில் இருப்பதோ அவற்றினும் பருத்த, 46 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மின்கலம். ஒன்றுக்குரிய தொகுதியை மற்றொன்றில் பொருத்த முடியாது. புது வண்டிகள் உருவாகிவந்த வரையில், பழைய வண்டிக்கு மாற்றுத் தொகுதி செய்வது நடைபெற்றுக்கொண்டிருந்த வேலையின் ஒரு கிளையாகவே இருந்தது. அடிமரத்தை வெட்டிய பின்னர் கிளை எத்தனை நாள் தளிர்க்கும்? 2020 முதல் இவ்வண்டிகளின் மின்கலத் தொகுதிக்கு அளிக்கப்பட்ட உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 2,40,000 கிலோமீட்டர். இறுதியாக வாங்கியவரின் உத்தரவாதமும் 2030களின் நடுவில் முடிந்துவிடும். மக்கள் இவ்வண்டிகளை வைத்திருக்கும் வரையில் அவற்றுக்கு ஆதரவளிப்போம் என்று மஸ்க் கூறியது உண்மையே. ஆனால் அது வாய்மொழி. எத்தனை ஆண்டு, எந்தெந்த உறுப்பு, என்ன விலை என்பவற்றுள் எதையும் அவ்வாய்மொழி வரையறுக்கவில்லை.

பெட்ரோல் வண்டிக்கு இத்தகைய கவலை இவ்வளவு இருந்ததில்லை. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் வண்டியின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. அதன் பின்னரும் கொல்கத்தாவில் அது டாக்சியாகப் பல ஆண்டுகள் ஓடிற்று. கடைசல் பொறியும் உலையும் அனுபவமுள்ள மெக்கானிக்கும் இருந்தால் அதன் உறுப்புக்களில் பெரும்பாலானவற்றை எந்தப் பட்டறையிலும் செப்பனிட முடிந்ததே காரணம். அவ்வண்டியைப் பற்றிய அறிவு தொழிற்சாலையின் மதிலுக்குள் அடைபட்டிருக்கவில்லை; தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. மின்சார வண்டியின் மோட்டார் அதனினும் எளிய கருவி. அசையும் உறுப்புக்கள் சிலவே. ஆனால் அதனை இயக்கும் கட்டளைகளும், மின்கலத் தொகுதியோடு அது பரிமாறும் குறியீடுகளும் உற்பத்தியாளரிடம் பூட்டிக் கிடக்கின்றன.

மின்சார வண்டிகளை ஓய்வுபெறச் செய்த முறைகளுள் நேர்மாறான இரண்டு முன்பே நிகழ்ந்துள்ளன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996 முதல் 1999 வரை இ.வி.1 என்னும் வண்டிகள் 1,117 உருவாக்கி, விற்காமல் குத்தகைக்கே விட்டது. பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நொறுக்கியது. பொருட்காட்சிச் சாலைகளுக்குக் கொடுத்த சிலவும் ஓட முடியாதவாறு செயலிழக்கச் செய்யப்பட்டன. இதற்கு மாறாக, 2008 முதல் 2012 வரை சுமார் 2,450 ரோட்ஸ்டர் வண்டிகளை உருவாக்கிய டெஸ்லா, அவற்றின் உற்பத்தி நின்ற பின்னர், மேம்பட்ட மின்கலத் தொகுதி ஒன்றை 29,000 டாலர் விலையில் அளிக்க முன்வந்தது. 2023 நவம்பரில் அவ்வண்டியின் வடிவமைப்புப் பத்திரங்களையும் வெளியிட்டு, எவரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தது. விலை மிகுதியே, பதினோர் ஆண்டு தாமதமும் மிகுதியே. ஆயினும் செய்யத்தக்கது இன்னதென்று அந்நிறுவனமே செய்து காட்டிவிட்டது. சில ஆயிரம் வண்டிகளுக்குச் செய்ததைப் பல லட்சம் வண்டிகளுக்குச் செய்வதற்குத் தடை யாதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2021இல் புதுப்பிக்கப்பட்ட மாடல் எஸ் வண்டி வலப்புறச் சுக்கானுடனும் வரும் என்று எதிர்பார்த்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பலர் பதிவு செய்து காத்திருந்தனர். அத்தகைய வண்டி இனி உருவாகாது என்ற செய்தி 2023 மே மாதத்தில்தான் அவர்களுக்குக் கிடைத்தது. இடப்புறமாக வண்டி ஓட்டும் இந்தியாவில் மாடல் எஸ் முறைப்படி விற்பனைக்கு வந்ததே இல்லை. 2025 ஜூலையில் மும்பையில் டெஸ்லா தன் முதல் விற்பனை நிலையத்தைத் திறந்தபோது மாடல் ஒய் வண்டியையே கொண்டுவந்தது. எனவே, பிரீமாண்டில் நின்ற உற்பத்தியால் இந்நாட்டாருக்கு நேரான நஷ்டம் இல்லை. இங்கே விற்பனையாகும் மின்சாரக் கார்களும் ஸ்கூட்டர்களும் இதே வகைக் கம்ப்யூட்டரையும், இதே முறையில் தொலைவிலிருந்து வரும் கட்டளைகளையும் நம்பி ஓடுகின்றன என்பதே கருத வேண்டியது.

2022 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் பிறப்பித்த மின்கலக் கழிவு விதிகள், பயன்பட்டுத் தீர்ந்த மின்கலங்களைத் திரட்டிப் புதுப்பிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. அவ்விதிகள் மின்கலத்தின் சாவைப் பற்றியவை. நடு வயதில் அதற்கு நேரும் நோயைப் பற்றியவை அல்ல. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென இணைய வாயில் ஒன்றைத் தொடங்கியதும், மோட்டார் வாகனங்களை அதில் சேர்த்ததும் பாராட்டத்தக்கனவே. ஆனால் அங்கே தகவல் அளிப்பது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய யூனியன் 2023இல் இயற்றிய சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கு விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மின்சார வண்டியின் மின்கலத் தொகுதிக்கும், அதன் உட்பொருள், கொள்ளளவு, கழற்றும் முறை முதலியவற்றைப் பதிந்த மின்னணுப் பத்திரம் ஒன்று இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது.

இந்தியாவில் இதற்குத் தனி அலுவலகம் நிறுவ வேண்டிய அவசியமில்லை. புது வாகனம் எதுவும் விற்பனைக்கு வருமுன், புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றில் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. பிரேக்கும் விளக்கும் சோதிக்கப்படும் அந்த நாளிலேயே, மின்கலத் தொகுதியின் அளவுகள், மோட்டாரோடு அது பேசும் குறியீடுகள், கட்டளைத் தொகுதியின் ஒரு படி ஆகியவற்றை முத்திரையிட்ட உறையில் அந்நிலையம் பெற்று வைக்கலாம். வண்டியின் உற்பத்தி நின்று, உறுப்புக்கள் கிடைப்பதும் நின்றுவிட்டதாக உற்பத்தியாளரே அறிவிக்கும் நாளிலோ, நிறுவனம் கலைக்கப்படும் நாளிலோ உறையைப் பிரித்து, பட்டறை நடத்துவோர் கையில் அப்பத்திரங்களைக் கொடுத்துவிடலாம்.