முதலில் ஊர், பிறகு பட்டம்

பேராக்கிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கணவருக்குத் தொழிற்சாலையில் பாதுகாவலர் வேலை. இவர் வீட்டில் பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். மூத்த மகன் பட்டம் வாங்கிவிட்டான். இனி வீட்டுக்கு விடிவுகாலம் என்று இருந்தவரிடம் அவன் சொன்னானாம்: “இரண்டு வருஷம் ஒரு பொது அமைப்பிலே வேலை செய்யப்போறேன்மா. அப்புறம் சமூக மேம்பாட்டிலே மேல்படிப்பு படிப்பேன்.”

தாயார் கேட்கிறார்: “ஊருக்கு உழைக்கிறதுக்கு எல்லாமா ஒரு பட்டம் இருக்கிறது? என் பிள்ளையை யாரோ ஏமாற்றுகிறார்களோ?”

பட்டம் இருக்கிறது, அம்மா. ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பாதை எங்கே போய்ச் சேரும், வழியில் சோற்றுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே பேசுவோம்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இடைநிலைப்பள்ளியில் படித்த வாசகர்கள் சிலருக்குப் ‘பீஸ் கோர்’ ஆசிரியர்களை நினைவிருக்கும். அமைதிப்படை என்று நம் பத்திரிகைகள் எழுதின. 1961 மார்ச் முதல் தேதி அதிபர் கென்னடி ஒப்பமிட்ட ஆணையால் பிறந்த அமைப்பு அது. மறு ஆண்டே மலாயாவுக்கு அதன் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். 1983 வரை ஏறத்தாழ நாலாயிரம் பேர் இந்நாட்டில் பணியாற்றிச் சென்றார்கள். கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்தவர்கள் பலர். தாதியராகவும் கிராம மேம்பாட்டுப் பணியாளராகவும் இருந்தவர்கள் சிலர்.

படை என்று பெயரே தவிர, கையில் ஆயுதம் கிடையாது. சம்பளமும் கிடையாது. அந்த ஊர் மக்கள் வாழ்வதைப் போல வாழ்வதற்கு ஒரு படி கொடுப்பார்கள். இன்றைய முறைப்படி மூன்று மாதம் பயிற்சி, இரண்டு ஆண்டு சேவை, ஆக 27 மாதம். உள்ளூர் மொழி பேசியாக வேண்டும், உள்ளூர் சாப்பாட்டைச் சாப்பிட்டாக வேண்டும்.

இப்படி எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வீடு திரும்பியவனுக்கு அடுத்து என்ன வேலை? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை எல்லாத் தாய்மார்களும் கேட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. அதற்கு ஒரு விடை 1985-இல் கிடைத்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி, அமைதிப்படையிலிருந்து திரும்பியவர்களைக் கூப்பிட்டு, வசதியற்ற பகுதிப் பள்ளிகளில் வேலை கொடுத்து, கூடவே முதுகலைப் படிப்பும் கொடுத்தது. வெளிநாட்டுக் கிராமத்தில் சமாளித்தவன் நகரத்து ஏழைப் பிள்ளைகளையும் சமாளிப்பான் என்பது கணக்கு. அந்த முறை பரவி, பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்தன. அமைதிப்படையின் இயக்குநராக இருந்து பின் செனட்டரான பால் கவர்டெல் பெயரால் இப்போது அதை அழைக்கிறார்கள். விதி எளிது: சேவை முடித்தவருக்குப் படிப்புச் செலவில் சலுகை, பதிலுக்கு, படிக்கும் காலத்தில் அவர் தம் நாட்டிலேயே வசதி குறைந்த ஒரு சமூகத்தில் வேலை செய்ய வேண்டும்.

இவற்றில் நம் வாசகர்களுக்குச் சுவையாக இருப்பது இலினாய்ஸ் மாநிலத்துக் கதை. மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற பூமி. பண்ணை இயந்திரங்கள் பெரிதாகப் பெரிதாக ஆள் தேவை குறைந்தது. ஆள் குறையவே கடைத்தெருவில் கதவுகள் மூடின, பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்தார்கள், இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனையும் போய் வீடமைப்பு வந்ததையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அம்மாநிலத்தில் நார்மல் என்று ஓர் ஊர். அக்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை ‘நார்மல் பள்ளி’ என்பார்கள். அதிலிருந்து ஊருக்கு வந்த பெயர். அங்குள்ள இலினாய்ஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்சன் மையமும், மக்கோம் என்ற சிற்றூரில் உள்ள மேற்கு இலினாய்ஸ் பல்கலைக்கழகமும் சமூக மேம்பாட்டுக்கென்றே இத்தகைய படிப்பை அமைத்தன. முதலில் வகுப்பறை. பொருளியல், அரசியல், சமூகவியல் என்று அவரவர் துறை இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து படிக்கும் பாடங்களும் உண்டு. நகராட்சிக் கணக்கை எப்படிப் படிப்பது, மக்களிடம் கருத்துக் கேட்டால் அதை எப்படித் தொகுப்பது, மானியத்துக்கு எப்படி மனு எழுதுவது. அதன்பின் பதினொரு மாதம் ஒரு சிற்றூரிலோ பொது அமைப்பிலோ முழுநேர வேலை. கல்விக்கட்டணத்தில் தள்ளுபடியும் கைச்செலவுக்கு உதவித்தொகையும் இருந்தபடியால்தான் ஏழை வீட்டுப் பிள்ளையும் அதை எண்ணிப்பார்க்க முடிந்தது.

பதினொரு மாதம் என்ன செய்வார்கள்? பெரிய புரட்சி எதுவும் இல்லை. மூடிக்கிடக்கும் கடைகளைக் கணக்கெடுப்பார்கள். முதியோருக்கு மருத்துவமனை போகப் பேருந்து வேண்டுமா என்று வீடுவீடாகக் கேட்பார்கள். கூட்டம் கூட்டுவார்கள். கூட்டம் கூட்டுவது எளிய காரியம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? அது பால் எடுத்து ஸ்டோருக்குப் போகிற நேரம். இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதற்கு ஒரு பருவம் ஆகும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இது பாடமே அன்று.

நான் சொல்ல வருவது இதுதான். மக்களோடு இருந்துவிட்டு வகுப்புக்குப் போகிறவன் கேட்கிற கேள்வி வேறு. வகுப்பிலிருந்து நேரே மக்களிடம் வருகிறவன் கேட்கிற கேள்வி வேறு. முன்னவனுக்குப் பாடம் படிக்கும்போதே முகங்கள் தெரியும்.

ஒரு தாயின் கதையையே சொல்கிறேன். ஆன் டன்ஹம் என்றால் பலருக்குத் தெரியாது; அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவின் தாயார் என்றால் தெரியும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மாணவி. நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஆங்கிலம் கற்பித்தும், மேம்பாட்டுத் திட்டங்களில் வேலை பார்த்தும், ஜாவாவில் யோக்யகார்த்தாவுக்கு அருகே காஜார் என்ற கொல்லர் கிராமத்துக்கு மீண்டும் மீண்டும் போய்வந்தார். பின்னர் இந்தோனேசிய மக்கள் வங்கியின் சிறுகடன் திட்டத்திலும் பணியாற்றினார். எழுபதுகளில் தொடங்கிய ஆய்வுக்கு 1992-இல்தான் முனைவர் பட்டம் கிடைத்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஆய்வேடு. 1995-இல் காலமாகிவிட்டார்.

அத்தனை பக்கங்களில் அவர் கண்டது என்ன? கிராமத்தான் ஏழையாக இருப்பதற்கு அவன் புத்தியும் பழக்கவழக்கமும் காரணம் என்று பல அறிஞர்கள் எழுதிவந்த காலம் அது. அம்மையார் அதை ஒப்பவில்லை. கொல்லனுக்கு வியாபாரம் தெரியும், இலாப நட்டம் தெரியும், சந்தை தெரியும். கையில் முதல் இல்லை, அவ்வளவுதான் என்றார். தோட்டத்து ஆள் சோம்பேறி, குடிகாரன், சேமிக்கத் தெரியாதவன் என்று எத்தனை பேர் எழுதக் கேட்டிருக்கிறோம்! உலைக்களத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பல ஆண்டு கணக்குக் கேட்டவருக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. அவர் மகனும் 1985 முதல் 1988 வரை சிகாகோவில், உருக்காலைகள் மூடிப்போன தெற்குப் பகுதி மக்களிடையே குறைந்த சம்பளத்தில் சமூக அமைப்பாளராக இருந்துவிட்டுத்தான் சட்டம் படிக்கப் போனார்.

நம்மிடமும் கணக்குத் தெரியும் என்பதற்குச் சான்று வெளியூரில் தேட வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்த காலத்தில், துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பால்மரம் வெட்டியவர்களின் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்து தோட்டங்களை வாங்கியது. இன்று சமூக மேம்பாட்டு வகுப்பில் ‘மக்களிடம் இல்லாததைப் பட்டியல் போடாதே, இருப்பதைப் பட்டியல் போடு’ என்று கற்பிக்கிறார்கள். கிரெட்ஸ்மன், மெக்நைட் என்ற இருவர் 1993-இல் எழுதிய நூலால் பரவிய கருத்து. அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே நம் பாட்டனார்கள் அந்தப் பாடத்தை நடத்திக் காட்டிவிட்டார்கள்; யாரும் அவர்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நம் பகுதிகளுக்கு வினாத்தாளுடன் மாணவர்கள் வருகிறார்கள். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு வருமானம், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். தேநீர் கொடுத்து அனுப்புகிறோம். அதன்பின் அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரிவதே இல்லை. நம் பிள்ளைகளும் அந்த வரிசையில் சேரக்கூடாது. ஆய்வு முடிந்ததும் திரும்பி வந்து, கோயில் மண்டபத்தில் அரை மணி நேரம், கண்டது என்ன என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனால் போதும். வருகிறவர்களிடம் அதை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனித் தாயாரின் கவலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இருக்கும் கட்டணத் தள்ளுபடியை இங்கே எதிர்பார்த்து இறங்க வேண்டாம். அங்கேயும் அது கல்லில் எழுதியதல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் அமைதிப்படையினர் ஏறத்தாழ ஏழாயிரம் பேரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மறுபடி அனுப்ப இரண்டு ஆண்டு ஆயிற்று. உள்நாட்டுச் சேவைக்கான அமெரிகோர் அமைப்பின் மானியங்களை 2025 ஏப்ரலில் அந்நாட்டு அரசு பெருமளவில் வெட்டியது. பொதுத்தொண்டை நம்பி வாழ்க்கையை அமைப்பவன் இன்னொரு கயிற்றையும் கையில் பிடித்திருப்பது நல்லது.

நம் நாட்டில் சமூகப்பணிக்குப் பல்கலைக்கழகப் படிப்பு 1975-இலேயே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவிட்டது. களப்பயிற்சி அதன் பகுதி. ஆகவே படிப்பு இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. மகனிடம் கேட்க வேண்டியது: அந்தப் பொது அமைப்பு மாதம் எவ்வளவு தரும், அது எழுத்தில் இருக்கிறதா, இ.பி.எஃப். பிடிப்பார்களா, பி.டி.பி.டி.என். கடன் தவணை எப்போது தொடங்குகிறது, அதை யார் கட்டுவது. விடை சரியாக இருந்தால் இரண்டு வருடம் விட்டுப் பாருங்கள், அம்மா. விடை மழுப்பலாக இருந்தால், வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் தொண்டு செய்யச் சொல்லுங்கள். அதுவும் அனுபவம்தான். தங்கையின் பள்ளிச் செலவை நிறுத்திவிட்டு ஊருக்குத் தொண்டு செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

படிப்பைப் பாதியில் விட்ட வாசகர்களுக்கும் ஒரு செய்தி. எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை, ‘எப்பெல்’ என்ற முறையை நடத்துகிறது. வகுப்பறைக்கு வெளியே, வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டு, உயர்கல்வியில் நுழைய வழிவிடும் முறை. இளங்கலைக்கு 21 வயதும் முதுகலைக்கு 30 வயதும் நிறைந்திருக்க வேண்டும், தேர்வு உண்டு, அனுபவத்தைக் காட்டும் கோப்பும் கேட்பார்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் முகமையிடமே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கோப்பு என்றதும் பயப்பட வேண்டாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள், இளைஞர் மன்றச் செயலாளராக இருக்கிறீர்கள், கோயில் திருவிழாக் கணக்கைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு நீளக் குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு, என்ன தகராறு வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். ரசீதுகளை ஒட்டுங்கள். ஆண்டு முடிவில் தலைமையாசிரியரிடமோ சங்கத் தலைவரிடமோ தேதியிட்ட ஒரு கடிதம் வாங்கிச் சேருங்கள். சங்கத் தேர்தலுக்கு முன்பாகவே வாங்கிவிடுங்கள். தலைவர் மாறிய பிறகு பழைய ஆண்டுக்குக் கையொப்பம் வாங்குவது எவ்வளவு பாடு என்பது சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.