நடையும் வாய் கொப்பளிப்பும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வாகனங்களைத் தடுத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை அது நடப்பவர்களின் சாலை. காந்தி சிலையைக் கடந்து விறுவிறுவென்று போகிறவர்கள் எல்லோரும் கடலைப் பார்க்க வந்தவர்கள் அல்லர். இரத்த அழுத்தத்திற்காக நடக்குமாறு மருத்துவர் சொல்லி வந்தவர்களும் அவர்களில் உண்டு. வீடு திரும்பியதும் பல் துலக்கி, மவுத்வாஷ் ஒரு மூடி ஊற்றிக் கொப்பளிப்பவர்களும் இருப்பார்கள். நடந்து ஈட்டியதில் ஒரு பங்கை அந்த ஒரு மூடி கழுவிவிடுகிறதோ என்று ஐயுற இடமிருக்கிறது.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நலமாயிருந்த 23 பேர் டிரெட்மில்லில் 30 நிமிடம் ஓடினார்கள். ஓடி முடித்தபின் ஒருநாள் கிருமிநாசினி மவுத்வாஷாலும், இன்னொரு நாள் புதினாச் சுவையூட்டிய வெறும் நீராலும் வாய் கொப்பளித்தார்கள். உடற்பயிற்சிக்குப் பின் இரத்த அழுத்தம் சற்றுத் தாழ்ந்து, சிலமணி நேரம் தாழ்ந்தே இருப்பது இயல்பு. ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது, புதினா நீர் நாளில் மேல் அழுத்தம் 5.2 புள்ளி இறங்கியிருந்தது. மவுத்வாஷ் நாளில் 2 புள்ளி மட்டுமே. இரண்டு மணி நேரத்தில் அந்த இறக்கமும் மறைந்துவிட்டது.

இதன் பின்னணி விசித்திரமானது. உழைக்கும் உடலில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சற்று நேரத்தில் அது நைட்ரேட்டாக மாறிவிடும். அந்த நைட்ரேட்டை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து எடுத்து வாய்க்குள் விடுகின்றன. நாவின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்குகின்றன. நம் உடலால் அதைத் தானே அவ்வளவாகச் செய்துகொள்ள முடியாது. விழுங்கிய நைட்ரைட்டு இரத்தத்தில் சேர்ந்து, மீண்டும் நைட்ரிக் ஆக்சைடாகிக் குழாய்களைத் திறந்து வைக்கிறது. பாக்டீரியாக்களைக் கொன்றால் இந்தச் சுற்று நடுவழியில் அறுபடுகிறது. கீரையும் பீட்ரூட்டும் தரும் நைட்ரேட்டுக்கும் இதே வழிதான்.

நமக்கு உறுத்துவது ஒரு சொல். 'கிருமி' என்றதும் நாம் ஆயுதம் எடுத்துவிடுகிறோம். இராமாநுசரைத் துன்புறுத்தியதாகச் சொல்லப்படும் சோழனைக் 'கிருமிகண்டன்' என்று வைணவ மரபு ஏசியது. விளம்பரக்காரர்கள் அந்த வெறுப்பின் பழைய முதலீட்டில்தான் வியாபாரம் செய்கிறார்கள். பாலில் உறைமோர் ஊற்றும் வீட்டில், அதற்குள் இருப்பதைக் கிருமி என்று யாரும் சொன்னதில்லை. நாவில் குடியிருப்பவற்றுக்கும் அந்த மரியாதை உரியது.

ஆயினும் நிதானம் வேண்டும். அந்த 23 பேரும் நோயாளிகள் அல்லர். அழுத்த நோயுள்ளவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைத் தனியே ஆராய வேண்டும். பல் பிடுங்கிய பின்போ ஈறு வீங்கியபோதோ பல் மருத்துவர் குளோர்ஹெக்சிடின் எழுதித் தந்தால், சொன்ன நாள்வரை கொப்பளிக்கத்தான் வேண்டும். கடையில் உள்ள எல்லாப் புட்டிகளிலும் அந்த மருந்து இருப்பதுமில்லை. பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படிக்க வேண்டும். நாம் மறுப்பது, சில நாட்களுக்கான மருந்தை ஆயுள் முழுவதற்குமான வாசனைத் திரவியமாக்குவதை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் இரத்த அழுத்த மருத்துவர், எதனால் வாய் கொப்பளிக்கிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.