மணல் ஈக்குத் தனிப் பாடம் வேண்டும்

"மோகனூர்க் காவிரி மணலில் மணல் ஈ இருக்குமா, சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். பெயர் அவரை ஏமாற்றிவிட்டது. மணல் நிறமுள்ள இப்பூச்சி வளர்வது மாட்டுத் தொழுவத்தின் ஈர மண்ணிலும் சுவர் வெடிப்பிலும்தான். தேங்கிய நீரை அகற்றினால் கொசு குறையும். மணல் ஈ குறையாது. நாமோ கொசுவுக்குச் சொல்லும் அறிவுரையையே கடிக்கிற பூச்சிக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். இது தவறு என்பேன்.

இலங்கையைப் பாருங்கள். உள்ளூரிலேயே தோல் லீஷ்மேனியா நோய் தொற்றிய முதல் நோயாளி அங்கே 1992-இல் கண்டறியப்பட்டார். 2018-இல் மட்டும் 3,000 பேருக்கு மேல். ஈ கடித்த இடத்தில் சிறு பரு எழும், வலிக்காது, அரிக்காது. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. பின்னர் அது புண்ணாகி, முகத்திலே தழும்பாக நின்றுவிடும். பீகாரில் காலா அசார் காய்ச்சலைத் தருவதும் இதே இனக் கிருமிதான். 1903-இல் சென்னையில் அதைக் கண்ட டாக்டர் டொனோவனின் பெயரால் அது லீஷ்மேனியா டொனோவானி எனப்படுகிறது. அதைப் பரப்பும் மணல் ஈ வகை தமிழ்நாட்டிலும் உண்டு. (கிருமி இல்லாமல் ஈ மட்டும் நோய் தராது, அச்சம் வேண்டாம்.)

இயற்பியல்காரன் என்பதால் வலையைப் பற்றியும் சொல்கிறேன். மணல் ஈ கொசுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் நுழைந்துவிடும். கண்ணைச் சிறிதாக்கினால் காற்று வராது. சேலத்துச் சித்திரையில் யார் உள்ளே படுப்பார்? பூச்சிமருந்தில் தோய்த்த வலை மேல். இது பலமாகப் பறக்கும் பூச்சியும் அன்று; மின்விசிறிக் காற்றே அதைத் தடுமாற வைக்கும். ஓர் அளவுகோலை எடுத்து, உங்கள் வீட்டு வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கண்கள் என்று எண்ணுங்களேன்.