நிலம் எடுக்கும் முன் வேலைக்கணக்கைக் காட்டுங்கள்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பர் இறுதியில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கி, ஒன்பது அலகுகளும் 600 மெகாவாட்டுமாக வளர்ந்த நிலையம் அது. அதன் இடத்தை நிரப்ப வந்த புதிய நிலையம் இரண்டே அலகுகளில் 1,000 மெகாவாட் தருகிறது. மின்சாரம் கூடியது, ஆள் தேவை குறைந்தது. எரிசக்தி மாற்றம் என்றாலே நிகர சுழிய உமிழ்வுக்கு நாடு குறித்துவைத்த 2070ஆம் ஆண்டைச் சுட்டிப் பேசிப் பழகிவிட்டோம். நெய்வேலியில் அது நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே படித்துவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு அதில் என்ன பங்கு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் மின் நிலையங்களையும் நடத்தும் என்எல்சி இந்தியா நிறுவனம் இனி சுரங்கத்துக்கென ஒரு ஏக்கர் எடுப்பதானாலும், அந்தச் சுரங்கம் எத்தனை ஆண்டு ஓடும், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்கு ஒப்பந்த வேலை, சுரங்கம் முடிந்தபின் அந்த ஊர் இளைஞர்கள் என்ன செய்வார்கள் என்ற கணக்கை முன்கூட்டியே எழுத்தில் வெளியிட வேண்டும். நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுப்பது மாநில அரசு. கணக்கு வராதவரை கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் துணிவு அதற்கு வேண்டும்.

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்திலோ வடக்குத்திலோ ஐடிஐ முடித்த ஒரு பிள்ளையின் பாதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஃபிட்டர் அல்லது எலெக்ட்ரீஷியன் சான்றிதழ் வாங்கியதும் நிறுவனத்திலேயே அப்ரண்டிஸ். கன்வேயர் பெல்ட்டை ஒட்டவும் பம்பைப் பிரித்துப் பூட்டவும் அங்கே கற்றுக்கொள்கிறான். உதவித்தொகை வருகிறது, பயிற்சி முடிந்ததும் சான்றிதழும் வருகிறது. அதே நாளில் கேட் பாஸ் செல்லாமல் போகிறது. மறுபடி அந்த கேட்டுக்குள் போக ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட வேண்டும். அப்படிப் போகிறவன், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று, அவர் செய்யும் வேலையை அவர் வாங்கும் சம்பளத்தில் ஒரு பங்குக்குச் செய்கிறான். ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கமான இன்ட்கோசர்வ் சொசைட்டியில் பெயர் ஏறி, மூப்புப் பட்டியல் நகர்ந்து, பணி நிரந்தரம் வருவதற்குள் இளமை போய்விடுகிறது. 2023 ஜூலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இந்தக் காத்திருப்பு தாங்காமல்தான்.

பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் சொல்லவில்லை. ஆனால் 2014இல் வந்த திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை என்எல்சி தமிழில் அச்சடித்து, நெய்வேலியின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் ஒட்டட்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளை முதல் நாளே தெரிந்துகொண்டு வரட்டும்.

இந்தியாவில் வேலையின்மை 3.2 விழுக்காடு என்று 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொன்னது. 15 முதல் 29 வயதுவரை உள்ளவர்களிடம் மட்டும் அது 10.2 விழுக்காடு. படிக்கப் படிக்க வேலை எட்டிப்போகும் நாடாகிவிட்டோம். பள்ளிகளுக்கும் கல்லூரிக்கும் குறைவில்லாத நெய்வேலி அதைச் சுற்றியுள்ள கிராமங்களைவிட இதை நன்றாக உணரும்.

2022இல் என்எல்சிக்கு கேட் (GATE) தேர்வு வழியே 299 பட்டதாரிப் பொறியாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவர்களில் தமிழகத்தவர் எவரும் இல்லை என்று கட்சிகள் கொதித்தன. கோபம் நியாயமானது. ஆனால் மண்ணின் மைந்தர் என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. அரசு வேலையில் பிறப்பிடத்தையோ வசிப்பிடத்தையோ காட்டிப் பாகுபாடு செய்ய அரசமைப்பின் 16ஆம் பிரிவு இடம் தருவதில்லை. நிலம் கொடுத்தவரின் உரிமை வேறு வகை. வாழ்வாதாரத்தைப் பொதுக் காரியத்துக்காக இழந்தவருக்குத் தர வேண்டிய ஈடு அது. வழக்காடுவதாக இருந்தால் இந்த அடித்தளத்தில் வழக்காட வேண்டும். கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் 2023 ஜூலையில், கதிர் வந்த நெல்வயலில் என்எல்சி இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டியதை நாடே பார்த்தது. பயிருக்கு இழப்பீடு பேசினார்கள், நிலத்துக்கு விலை பேசினார்கள். அந்த வயலை நம்பியிருந்த வீட்டின் அடுத்த தலைமுறைக்கு எந்த வேலை என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை.

சூரிய மின்சாரம் இருக்கிறதே என்பார்கள். ஆயிரம் மெகாவாட் சூரிய மின் திறனை எட்டிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்எல்சி. பெருமைக்குரிய செய்தி. ஆனால் அதன் பெரிய சூரிய பூங்காக்கள் விருதுநகர், திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் இருக்கின்றன. பலகைகளை நிறுத்தும் சில மாதங்கள் மட்டுமே கூட்டமாக ஆள் வேண்டும். அதன்பின் தண்ணீர் அடித்துத் துடைக்கவும் புல் வெட்டவும் காவலுக்கும் சிலர் போதும். சுரங்கமோ பெல்ட்டுக்கு ஆள், பம்புக்கு ஆள், கொதிகலனுக்கு ஆள், சாம்பலுக்கு ஆள், ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் என்று ஊரையே இழுத்துக்கொண்டது. சூரிய ஆற்றலில் நிலையான வேலை பலகை செய்யும் தொழிற்சாலையில்தான். அந்தத் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் எழுந்திருக்கின்றன. கங்கைகொண்டான் டாடா ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுரங்கமும் கொதிகலனும் அவ்வளவாக இடம் தராத டிப்ளமோ படித்த பெண்கள் நெய்வேலியைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். இப்படி ஓர் ஆலை இங்கே ஏன் வரவில்லை?

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாரும் பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மானியத் தொழில்நுட்பம். அந்த ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் 1990களில் பழுப்பு நிலக்கரி வேலைகளில் பெரும்பங்கு சில ஆண்டுகளில் மறைந்தது. இளைஞர்கள் ஊரைக் காலி செய்தார்கள். அந்த வடு ஆறாததால்தான், 2038க்குள் நிலக்கரியை நிறுத்த 2020இல் சட்டம் இயற்றியபோது, நிலக்கரி வட்டாரங்களுக்கென 4,000 கோடி யூரோவைக் கையோடு ஒதுக்கினார்கள். லவுசிட்ஸ் சுரங்க வட்டாரத்தின் கொட்பஸ் நகரில் 1,200 பேருக்கு வேலை தரும் ரயில் பராமரிப்புப் பணிமனையின் முதல் கூடம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சுரங்கங்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தென்னாப்பிரிக்காவில் நேர்மாறு. கொமாட்டி நிலக்கரி மின் நிலையத்தை 2022இல் மூடினார்கள், மாற்று வேலைகள் பிறகு வரும் என்றார்கள். அந்த ஊர் இன்னும் காத்திருக்கிறது.

பழுப்பு நிலக்கரி இன்னும் பல்லாண்டு எரியும், இப்போது என்ன அவசரம் என்று நிறுவனம் சொல்லக்கூடும். எரியட்டும். கரி இருக்கும்போதே நிரந்தர வேலைகள் கரைந்துவிட்டன என்பதுதான் நம் கவலை. கையில் பணமும் லாபமும் இருக்கும்போது மாற்றுத் தொழிலைக் கொண்டுவராத நிறுவனம், சுரங்கம் வற்றிய பிறகா கொண்டுவரப்போகிறது?

தமிழக அரசும் இதில் பார்வையாளராக இருக்க முடியாது. 2013இல் மத்திய அரசு என்எல்சி பங்குகளை விற்க முனைந்தபோது, தனியாரிடம் போகக் கூடாது என்று தொழிலாளர்கள் போராடினார்கள். மாநில அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டை வாங்கின. அவற்றில் ஒன்று சிப்காட். தொழிற்பேட்டை அமைப்பதே வேலையாகக் கொண்ட ஒரு நிறுவனம், தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊரில் சூரியப் பலகை, இன்வெர்ட்டர், பேட்டரி ஆலைகளுக்கு ஒரு பேட்டை அமைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ரயில் பாதை இருக்கிறது, மின்பாதை இருக்கிறது, மூடிய முதல் நிலையத்தின் இடமும் இருக்கிறது. புதிதாக ஒரு வயலைத் தொட வேண்டியதில்லை.

ஜார்க்கண்ட் 2022இலேயே நிலக்கரியிலிருந்து நியாயமான மாற்றத்துக்கென ஒரு பணிக்குழு அமைத்துவிட்டது. நாமும் தொடங்க வேண்டும். சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் கடலூர் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியை இளைஞர்களின் திறன் பயிற்சிக்குச் செலவிட விதியே இடம் தருகிறது. இதுவரை அந்த நிதியில் எவ்வளவு வந்தது, எந்தக் கிராமத்துக்கு எதற்காகப் போனது, அதில் பயிற்சி பெற்ற எத்தனை பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள் என்பதை மாவட்ட ஆட்சியர் அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குள் வெளியிட வேண்டும்.