தெருவிற் பிறந்த தாளம்

பிறரிடம் கடன் கொள்ளுதல் இழிவன்று. கொண்ட கடனை மறத்தலே இழிவு. இவ்வுண்மை பொருளுக்கேயன்றி இசைக்கும் பொருந்துமென்பது நம் கருத்து.

1958-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் ஆதரவிற் பல தேயங்களைச் சுற்றிவந்த டேவ் புரூபெக் என்னும் பியானோ வித்துவான், துருக்கியின் இஸ்தான்புல் நகரத் தெருவிலே சில வாத்தியக்காரர் வாசிக்கக் கேட்டார். ஒன்பது எண்ணிக்கையை மும்மூன்றாய்ப் பகுப்பது மேனாட்டார் வழக்கம்; அத்தெருக் கலைஞரோ இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று எனப் பகுத்தனர். அந்நகர வானொலி நிலையத்து வாத்தியக்காரரை அவர் வினவியபோது, அமெரிக்கருக்குப் புளூஸ் எத்தகையதோ அத்தகையதே தமக்கு இத்தாளம் என விடையிறுத்தனராம்.

இதனின்று எழுந்ததே 'புளூ ரோண்டோ ஆ லா டர்க்' என்னும் உருப்படி. 1959-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'டைம் அவுட்' இசைத்தட்டின் முதற்கண் அது நிற்கின்றது. பால் டெஸ்மண்ட் இயற்றிய ஐந்தெண்ணிக்கை உருப்படியாகிய 'டேக் ஃபைவ்' என்பதும் அத்தட்டிலேயே உளது. ஜாஸ் இசை பெரும்பாலும் நான்கெண்ணிக்கையிலேயே நடந்த அக்காலத்தில் இஃது அருந்துணிவே.

குறை கூறுவாரும் உளர். தொடக்கத்திலே ஒன்பதெண்ணிக்கை முழங்கினும், கற்பனை வாசிப்பிற் சாக்ஸபோனும் பியானோவும் நான்கெண்ணிக்கைப் புளூஸுக்கே திரும்பிவிடுகின்றன. ஆதலின் துருக்கித் தாளம் வாயில் தோரணமேயன்றி வீடன்று என்பர். இதற்கு நாம் உடன்படோம். அயலார் மொழியில் முகமன் கூறித் தன் உள்ளத்தைத் தாய்மொழியில் திறப்பவன் பொய்யனல்லன். இரு தாளங்களும் மாறிமாறி எதிர்ப்படும் இடத்தைக் கேட்பார்க்கு, விருந்தினரும் இல்லத்தாரும் ஒருவரையொருவர் மதித்து உரையாடுவது புலனாகும்.

ஆயினும் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. உருப்படியின் பெயரில் துருக்கி உளது. தெருவிலே வாசித்தவருள் ஒருவர் பெயரேனும் அதில் இல்லை. இயற்றினவர் புகழ் உலகெங்கும் பரவ, ஊற்றைக் காட்டினவர் பெயரற்றுப் போயினர். தாம் கேட்ட இடத்தைப் புரூபெக் மறையாது உரைத்தமை பாராட்டற்குரியதே. எனினும், நாட்டின் பெயரைச் சொல்லுதல் ஆளின் பெயரைச் சொல்லுதல் ஆகாது. கற்றோர் பெயரை ஏட்டிற் பொறிப்பதும், கல்லாதார் கலையை 'நாட்டு வழக்கு' என்னும் ஒரு சொல்லில் அடக்குவதும் நடுவுநிலையோ?

மாணவ நண்பர்களே, நாட்டுப் பாடல் தொகுக்கச் செல்லும் நம்மவர் பலர். பாட்டை எழுதுமுன் பாடினவர் பெயரை எழுதிக்கொள்வோமாக. நாம் செலுத்தக்கூடிய வட்டி அதுவே.